இருபத்தைந்தாவது மாவட்டம்

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்த மாக்ரெட் முதலில் தண்ணீர் கேட்டாள். அடுத்ததாக பிஸ்கட் டின்னைக் கேட்டாள்.

"மம்மி, முதல்ல படுங்க," என்றாள் மகள் டெனிஷா. "டிக்கட் வெட்டி வீட்ட அனுப்பேக்க டொக்டர் என்ன சொன்னவர்? ரெண்டு கிழமைக்கு எழும்பித் திரியக் கூடாது."

"படுத்துக்கொண்டு பாக்கிறன். எடு."

டெங்கு அவளை ஐந்து கிலோ குறைத்திருந்தது. சேலைன் ஏற்றிய இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீலமாகிக் கிடந்தது. ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் அவர்களுடையது ஒன்றரை அறை வீடு. நகரசபைக்காரர்கள் அடித்த நுளம்புப் புகையின் மணம் திரைச்சீலைகளில் இன்னும் போகவில்லை. வெளியே வைகாசி மழை விட்டுவிட்டுப் பெய்தது. டெனிஷா அலுமாரியின் மேல்தட்டிலிருந்து டின்னை இறக்கித் தாயின் வயிற்றின் மேல் வைத்தாள்.

டின்னுக்குள் தீப்பெட்டியளவு மட்டைச் சதுரங்கள் இருபத்தைந்து. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு இரண்டு பக்கமும் கண்ணாடித்தாள், அதற்குள் ஒரு பத்து ரூபா நாணயக் குத்தி. வடக்கிலிருந்து தெற்காக அடுக்கியிருந்தாள். விரலால் தட்டிக்கொண்டு போனாள். யாழ்ப்பாணம். கிளிநொச்சி. மூன்றாவது மட்டையில் கண்ணாடித்தாள் கிழிந்து, ஓட்டை வெறும் ஓட்டையாக இருந்தது.

"முல்லைத்தீவு எங்க?"

டெனிஷா குசினிப் பக்கம் பார்த்தாள். அங்கே தகப்பன் தங்கையா அரிசிக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தான். அகப்பை சத்தம் நின்றது.

"நாந்தான் எடுத்தேன்," என்றான்.

"எடுத்து?"

"சாமிக்கு முடிஞ்சு வச்சிருக்கேன்."

சுவரில் ஒரு பலகைத்தட்டு இருந்தது. அந்தோனியார் சிலையும் மாதா படமும் மாக்ரெட்டுடையவை. பக்கத்தில் இருந்த மாரியம்மன் படம் தங்கையாவுடையது. கல்யாணம் முடித்த வருடத்திலிருந்து மூவருக்கும் ஒரே சிவப்பு பல்ப்தான். இப்போது மாரியம்மனின் முன்னால் மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது.

வீட்டில் ஒருவருக்கு ஆபத்தென்றால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, ஆளின் பெயர் சொல்லி நேர்ந்துகொள்வது தங்கையா பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து வழக்கம். ஆள் தப்பினால், தப்பிய ஆள் தன் கையாலேயே அந்த முடிச்சைக் கோயில் உண்டியலில் போட வேண்டும். அதுவரை அவிழ்க்கக் கூடாது. இது மாக்ரெட்டுக்கும் தெரியும். டெனிஷாவுக்குச் சின்ன வயதில் அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டபோதும் இப்படி ஒரு முடிச்சு இருந்தது. அன்றைக்கு முடிந்தது ஒரு ஐந்து ரூபா.

"வேற காசு கிடைக்கேல்லையா உங்களுக்கு?"

"வீட்ல ஏது காசு? பேர்ஸ்ல நோட்டுதான். லாச்சியில பாத்தேன், ஒன் ஹேண்ட்பேக்ல பாத்தேன், சல்லிக்காசு இல்ல. இதுலதான் இருந்துச்சு."

"இதில இருபத்தஞ்சு இருந்தது. அதுக்குள்ள அத மட்டும் தேடி எடுத்திருக்கிறீங்க."

"தேடல்லாம் இல்ல. அதுதான் பளபளன்னு இருந்துச்சு. சாமிக்கு அழுக்குக் காசையா குடுக்கறது?"

மாக்ரெட் கண்ணை மூடிக்கொண்டாள். டெனிஷா அவசரமாக அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல," என்றாள் மாக்ரெட். "உன்ட டெடிதான்."

*

மஷூர் நானாவின் பேக்கரியில் மாக்ரெட் பதினொரு வருடமாகக் காசு மேசையில் இருக்கிறாள். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தால் இரண்டு மணிக்குத்தான் எழும்புவாள். விடிய வருகிறவர்கள் துறைமுகத்துக்குப் போகிற ஆட்கள். ரோஸ்ட் பாண் கால் றாத்தல், பருப்பு, பிளேன்டீ. ஏழு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாலுபாண், கிம்புலா பனிஸ். பத்து மணிக்குப் பிறகு கச்சேரி அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் போய் வருகிறவர்கள். எல்லோரும் நோட்டைத்தான் நீட்டுவார்கள். சில்லறை தேடுவது மாக்ரெட்டின் பாடு.

அவள் அந்த மேசைக்கு வந்த காலத்தில்தான் மாவட்டத்துக்கு ஒன்றாக இருபத்தைந்து வகைப் பத்து ரூபாக் குத்திகள் கைக்கு வரத் தொடங்கியிருந்தன. ஒரு நாள் மிச்சம் எண்ணும்போது யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த நாள் மட்டக்களப்பு. வைத்துக்கொண்டாள்.

"நானா, இத நான் எடுக்கட்டா? வேற பத்து ரூபா வைக்கிறன்."

"என்னத்துக்கு கேக்கிய? பத்து எடுத்து பத்து வெச்சா எனக்கி என்ன நட்டம்?" என்றார் மஷூர் நானா. "ஆனா எனக்கி முன்னால வெச்சிட்டு எடுங்கொ. பாக்கிறவன் வேற மாதிரி நெனப்பான்."

அன்றிலிருந்து அப்படித்தான். முதலில் வைப்பது, பிறகு எடுப்பது.

முதல் மூன்று வருடம் கண்டதையெல்லாம் எடுத்தாள். பழைய ஒரு ரூபா, நினைவுக் குத்திகள், யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து கழித்துவிட்ட திர்ஹம், ஓட்டை விழுந்த ஒரு சதம். பால்மா டின் இரண்டு நிறைந்தன. எடுத்துப் பார்த்தால் எல்லாம் பழைய இரும்புக் கடை மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலால் வந்தவள் இரண்டு டின்னையும் தரையில் கொட்டி, மத்தியானச் சமையலையும் மறந்து உட்கார்ந்துவிட்டாள். எழும்பும்போது மாவட்டங்கள் மட்டும் மடியில் இருந்தன. மற்றதெல்லாம் ஒழுங்கையில் இருந்த பிள்ளைகளுக்குப் போனது. தங்கையா பசியோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு சேர்ப்பதைவிடக் கழிப்பதுதான் வேலை. ஒரு மாவட்டத்துக்கு ஒரு காசு. இரண்டாவது வந்தால் மூன்று மணிக்கு, குசினி யன்னலால் வெயில் சரிவாக விழும் நேரத்தில், கறுப்புப் பாவாடைத் துணியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பாள். விளிம்பில்தான் பிடிப்பாள். துடைக்க மாட்டாள், துடைத்தால் கீறும். மணிக்கூடு திருத்துகிறவனிடம் வாங்கிய கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். நல்லது மட்டைக்குள். மற்றது அடுத்த நாள் யாருடையவோ மாலுபாணின் மிச்சக் காசாகப் போய்விடும். மட்டையும் கண்ணாடித்தாளும் பேக்கரியில் நசிந்துபோன கேக் பெட்டிகளிலிருந்து வெட்டியவை.

பார்த்துப் பார்த்து அவளுக்குக் காசின் மேல் உள்ள காயங்கள் பழகிவிட்டன. பஸ் கொண்டக்டரின் கைக்குள் குலுங்கிய காசு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கும். உண்டியலில் நெடுநாள் கிடந்தது ஒரு பக்கம் மட்டும் மங்கியிருக்கும். பாட்டன்மார் வெற்றிலைப் பையில் வைத்திருந்தது எழுத்துக்குள் சிவந்திருக்கும். மூலைகளில் அடி இருந்தால் விழுந்த காசு. இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளும் யாருக்கும் சொன்னதில்லை. கேட்க ஆளில்லை.

இருபத்துநான்கு மாவட்டம் ஐந்து வருடத்தில் சேர்ந்துவிட்டது. முல்லைத்தீவு வரவில்லை. ஊரில் எத்தனையோ இருந்திருக்கும்; அவளுடைய மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான். பெட்ரோல் இல்லாமல் ஊரே வரிசையில் நின்ற வருடமும் வரவில்லை, பாண் விலை மூன்று மடங்கான வருடமும் வரவில்லை. முந்தின வருடம் ஆவணியில் ஒரு த்ரீவீல்காரன் பிளேன்டீ குடித்துவிட்டு, இன்சூரன்ஸ் கடதாசி போடும் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து அடியில் கிடந்த சில்லறையைக் கொட்டினான். அதில் இருந்தது. உறைக்குள் ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் படாமல், ஒரு கீறல் இல்லாமல். பதினொரு மூலையும் பதினொரு மூலையாக. அவளிடம் இருந்த இருபத்தைந்திலும் ஆக நல்ல காசு அதுதான்.

இதைத்தான் தங்கையா எடுத்தான்.

*

முதல் மூன்று நாள் மாக்ரெட் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்கச் சீவனில்லை. காலையில் கஞ்சி, பத்து மணிக்கு தம்பிலி இளநீர், மத்தியானம் குழைந்த சோறும் சூடை மீன் தண்ணிச் சொதியும். பின்வீட்டு ஷாமிலா தினமும் ஒரு கோப்பை சூப் கொடுத்தனுப்பினாள். அண்ணன் கிளெமென்ற் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து, எண்ணெய் பூசிவிட்டுப் போனான். படுத்திருந்தபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பட்டியல் நீண்டுகொண்டு போனது. அவளுக்கு அது பாரமாக இருக்கவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்குத்தான் அந்தப் பட்டியல்.

செவ்வாய்க்கிழமை மஷூர் நானா வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் பேக்கரிப் பை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"வாங்க நானா. இருங்க."

"இல்ல, ஈரம். எப்பிடி ஈக்கி ஒடம்பு?"

"எழும்பினா தலை சுத்துது. வாற மாசம் முதலாந் தேதி வந்திடுவன்."

"அவசரம் வாணா. சம்பளம் முழுசா போட்ட. வெட்ட இல்ல." அதைச் சொல்லும்போது அவர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப மேசையில நான்தான். பத்து நாளா ஊர் முழுக்க ஏச்சி வாங்கிய. மிச்சம் கேட்டா டொபி குடுக்கிய, டொபிய எனக்கே வீசுறாங்க. நீங்க எப்பிடித்தான் சமாளிச்ச?"

"முந்தின நாளே பஸ்காரன்கிட்ட மாத்தி வச்சிடுவன் நானா. பஸ் டிப்போ சேனாவ கேளுங்க, தருவான்."

"அத சொல்லிட்டு படுத்தீக்கலாமே." பைக்குள்ளிருந்து ஒரு யோகட் கோப்பையை எடுத்து டெனிஷாவிடம் கொடுத்தார். கோப்பை நிறையப் பத்து ரூபாக் குத்தி. "நீங்க எடுக்கிற சாதி எது, எடுக்காத சாதி எது எண்டு எனக்கி வெளங்க இல்ல. அதனால வந்த எல்லாத்தையும் போட்டு வெச்ச. பாத்துட்டு வாணாத்த அனுப்புங்கொ. எனக்கி சில்லறையில்லாம சாகிய."

மாக்ரெட் கோப்பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

பிறகு முடிச்சைப் பற்றிச் சொன்னாள். நானா பலகைத்தட்டை எட்டிப் பார்த்தார்.

"நேந்ததுக்கு நான் ஒண்டும் சொல்ல ஏலா. நானும்தான் நேந்த, ஒங்களுக்கு சொகமானா பத்துப் பேருக்கு சாப்பாடு எண்டு. இப்ப ஒங்களுக்கு சொகம், எனக்கி செலவு." சிரித்தார். "அந்தோனியார் ஒரு பக்கம், அம்மன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். யார்ட கணக்கில நீங்க தப்பின?"

"பப்பாளி இலைச் சாறும் குடிச்சனான் நானா."

"அது கசப்பு. அதால ஈக்காது."

அவர் போன பிறகு கோப்பையைக் கறுப்புத் துணியில் கொட்டினாள். கம்பஹா, குருநாகல், கொழும்பு, கொழும்பு, கேகாலை, இரத்தினபுரி. மீதி சாதாரணப் பத்து ரூபா. ஒன்றும் தேறவில்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கோப்பையில் போட்டாள். ஒரு கேகாலையை மட்டும் எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தாள். அது அந்தக் குவியலிலேயே ஆகக் கேவலமான காசு. யாரோ அதால் போத்தல் மூடி திறந்திருக்கிறார்கள்.

*

புதன்கிழமை பின்னேரம் தங்கையா கொலன்னாவையிலிருந்து வந்தான். எண்ணெய் பவுசர் லொறி ஓட்டுகிறவன். தாங்கியில் நிரப்பி, கொழும்புக்கு வெளியே உள்ள பெட்ரோல் ஷெட்களுக்குக் கொண்டுபோய் இறக்குவான். குழாய் பூட்டுவது, கழற்றுவது எல்லாம் அவன் கைதான். இருபது வருடத்தில் ஒரு சொட்டு சிந்தியதில்லை என்பது அவன் பெருமை. குளித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாக்ரெட்டின் நீலக் கையைத் திருப்பிப் பார்த்தான்.

"கொறைஞ்சிருக்கு."

"இஞ்ச பாருங்க. ஒண்டு கேக்கிறன், கோவப்படாம கேளுங்க."

"முடிச்சு கதையா?"

"வேற பத்து ரூபாவ வச்சு முடியலாம்தானே? மாரியம்மனுக்கு முல்லைத்தீவும் கேகாலையும் ஒண்டுதானே. பத்து ரூபா பத்து ரூபாதானே."

"ஒனக்கும்தான் பத்து ரூவா பத்து ரூவா. அப்புறம் ஏன் கேக்கற?"

டெனிஷா புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏழு எட்டு வருசம் தேடினனான். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். எடுக்கறப்ப அது இதுன்னு தெரியாது. தமிழ்ல எழுதியிருந்ததகூடப் பாக்கல. தெரிஞ்சிருந்தா பக்கத்துக் காச எடுத்திருப்பேன். சத்தியமா. ஆனா எடுத்துட்டேன். ஒம் பேரச் சொல்லிட்டேன். அந்தக் காச கையில வச்சுத்தான் கேட்டேன். இப்ப வேற காச குடுத்தா என்னா அர்த்தம்? ஆள் தப்பிச்சாச்சு, இனி ஆத்தாளுக்கு எதாச்சும் ஒண்ணக் குடுத்து அனுப்புன்னுதானே?"

"நான் தப்பினது சேலைனால. டொக்டர்மாரால."

"ஆமா. அவுங்களுக்கும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

"நீங்க பயந்தது காணும். ஆக்களுக்கு டெங்கு வாறதுதான்."

"யாரு பயந்தா?" தங்கையா எழும்பினான். "நான் வெளிய சிமெந்து பெஞ்சில நல்லாத் தூங்குனேன். டொக்டர்மாரு பாத்துக்கிட்டாங்க, ஒம் மக உள்ள இருந்து தண்ணிக் கணக்கு எழுதிக்கிட்டா. எனக்கு என்னா பயம்? ஒரு முறைக்குத்தான் முடிஞ்சேன். வெள்ளிக்கிழமை போறோம், போடறோம், வாரோம்."

அவன் வெளியே போய் மழையில் நனைந்த சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினான். இந்த மனிதனோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று மாக்ரெட் முடிவு செய்தாள்.

*

வியாழக்கிழமை மத்தியானம் தங்கையா வேலையில், டெனிஷா டியூஷனில். மழை விட்டு வெயில் அடித்தது. மாக்ரெட் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, ஒவ்வொரு அடியாகப் பலகைத்தட்டுக்குப் போனாள். அந்தோனியாரைப் பார்த்தாள். மாரியம்மனைப் பார்க்கவில்லை. முடிச்சை எடுத்துக்கொண்டு குசினி யன்னலுக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கறுப்புத் துணி. பக்கத்தில் தலையணைக்கடியிலிருந்து எடுத்த கேகாலை.

அவிழ்த்து, மாற்றி, அதே மடிப்பில் அதே முடிச்சைப் போட ஐந்து நிமிடம் போதும். தங்கையாவுக்குத் தெரியப் போவதில்லை. கோயில் ஐயருக்கும் தெரியப் போவதில்லை. மாரியம்மனுக்கு ஒரு பத்து ரூபா போய்ச் சேரும்.

முடிச்சு இறுக்கமாக இருந்தது. பல்லால் பிடித்து இழுத்தாள். மஞ்சள் நாக்கில் பட்டது. துணி விரிந்தது.

வேறு காசோ என்றுதான் முதலில் நினைத்தாள். திருப்பினாள். முல்லைத்தீவுதான். ஆனால் அவள் மட்டைக்குள் வைத்த முல்லைத்தீவு இல்லை. முகத்தில் நீளமான கீறல்கள் வளைந்து வளைந்து ஓடின. எழுத்துக்களுக்கு இடையில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் மஞ்சள். கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கினாள். கையில் இன்னும் பலம் வரவில்லை. யன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

கீறல்கள் சாவிக் கொத்தால் வந்தவை. பொக்கட்டுக்குள் சாவியோடு சும்மா கிடந்தால் கோடுகள் தாறுமாறாக இருக்கும். இவை வட்டமாக இருந்தன. யாரோ சாவியையும் காசையும் ஒன்றாகப் பிடித்து, விரலுக்குள் சுற்றிச் சுற்றி, மணிக்கணக்காக உருட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும். மறுபக்கத்தில் கட்டைவிரல் இருந்திருக்கிறது. அங்கே கீறல் இல்லை, பிசுக்கு மட்டும்.

பிறகு மூலைகளைப் பார்த்தாள். முதல் மூலையில் சின்னத் தட்டை. சிமெந்தில் விழுந்த அடி. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. விரல் நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். பதினொரு மூலையில் ஏழில் அடி.

யன்னலுக்கு வெளியே ஷாமிலாவின் கோழி ஒன்று கூரைத் தகரத்தில் நடந்தது. மாக்ரெட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்படியே இருந்தாள்.

டியூஷனால் வந்த டெனிஷா தாயைக் கட்டிலில் காணாமல் குசினிக்கு ஓடி வந்தாள். மடியில் கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"மம்மி! அவிழ்க்கக் கூடாதெண்டு டெடி..."

"டெடி இத எப்ப முடிஞ்சவர்?"

"நீங்க வாறதுக்கு முதல் நாள். வீட்டில மஞ்சள் முடிஞ்சு போச்சாம், கறித்தூள்தான் இருந்ததாம். நான்தான் பிறகு கடையில வாங்கிக் குடுத்தனான்."

"எடுத்தது எப்ப?"

"மூண்டாம் நாள். பிளேட்லெட் பதினாலாயிரம் எண்டு சொன்ன அண்டைக்கு. உங்கட நைட்டி எடுக்க வீட்ட வந்தவர்தானே, அப்ப."

"அஞ்சு நாள் எங்க வச்சிருந்தவர்?"

"தெரியாது. நான் உள்ளுக்க உங்களோட. அவர் வெளிய பெஞ்சில. பொக்கட்டில வச்சிருந்திருப்பார்." டெனிஷா குனிந்து பார்த்தாள். "ஐயோ, கீறிப் போச்சு. இது இனி டின்னுக்கு சரிவராதே மம்மி. உங்கட சட்டத்துக்கு இது கழிவுதானே?"

"ஓம். கழிவுதான்."

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது. இதையே போடலாம். இன்னொரு முல்லைத்தீவு வரும்."

மகளுக்குப் பதினேழு வயது. ஒரு நிமிடத்துக்கு முன்புவரை மாக்ரெட்டும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாள். இப்போது கணக்கு பிழைத்துவிட்டது. டின்னில் உள்ள இருபத்துநான்கையும் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை வைத்துக்கொள் என்று யாராவது சொல்லியிருந்தால், சரி என்றிருப்பாள். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். குழாயிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத கை அது. நல்லாத் தூங்கினேன் என்று அந்தக் கைக்குரியவன் பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்த ஐந்து நாளைப் பற்றி அவன் வாயால் ஒருநாளும் சொல்லப் போவதில்லை. சொல்வதற்கு இருந்த ஒரே சாட்சி இந்தக் காசு. நாளைக்கு இதை அவள் கையாலேயே உண்டியலில் போட வேண்டும்.

கேகாலை துணியில் தயாராகக் கிடந்தது. அதை எடுத்தாள். பார்த்தாள்.

"இத நானாட கோப்பையில போடு."

டெனிஷா வாங்கிக்கொண்டு போனாள். மாக்ரெட் முல்லைத்தீவை மஞ்சள் துணியின் நடுவில் வைத்தாள். துடைக்கவில்லை. பிசுக்கோடும் கீறலோடும் வைத்து மடித்தாள். தங்கையா போட்டது சுமை கட்டுகிற முடிச்சு. அது அவளுக்கு வராது. நான்கு தரம் பார்த்தாள். கடைசியில் கேக் பெட்டிக்குப் போடுகிற முடிச்சையே போட்டுவிட்டு, எழும்பிப் போய்ப் பலகைத்தட்டில் வைத்தாள். இந்த முறை மாரியம்மனைப் பார்த்தாள்.

*

வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயில் நடக்கிற தூரம்தான். இருந்தும் தங்கையா த்ரீவீல் பிடித்தான். மீட்டர் போடச் சொல்லி சாரதியோடு சிங்களத்தில் ஒரு சின்னச் சண்டை பிடித்தான். வெள்ளை வேட்டி, ஈரத் தலை, நெற்றி நிறையத் திருநீறு. மாக்ரெட் நீலக் கையை மறைக்க நீளக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

கோயிலில் கூட்டம். மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து நின்றார்கள். தங்கையா அவளை முழங்கையில் பிடித்து உண்டியல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். முடிச்சு அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. உண்டியல் வாய் பித்தளை, தொட்டுத் தொட்டு மஞ்சளாக மினுங்கியது. கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். துணிக்கு மேலாகவே விரலால் மூலைகளைத் தடவினாள்.

"போட்டுட்டு நகருங்கம்மா," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "சாமி கும்பிட நாங்களும் வந்திருக்கம்."

மாக்ரெட் பழக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டாள். பின்னால் நின்றவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். முடிச்சைப் போட்டாள். காசு மேசையில் பதினொரு வருடம் இருந்தவள். ஒரு ரூபாவா இரண்டா ஐந்தா என்று விழுகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். துணி சுற்றியிருந்ததால் இது சத்தமில்லாமல் விழுந்தது.

வெளிப் பிரகாரத்தில் ஒரு தூணருகே உட்காரவைத்து, தங்கையா விபூதி பூசிவிட்டான். பூசும்போது அவன் கட்டைவிரல் அவள் நெற்றியில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. பக்கத்தில் உட்கார்ந்தான். மழை பிடித்துக்கொண்டது. போக அவசரமில்லை.

"முடிச்சு வேற மாதிரி இருந்துச்சே," என்றான், மழையைப் பார்த்துக்கொண்டு.

"ஓம்."

"அவுத்தியா?"

"அவிழ்த்தனான்."

"மாத்திட்டியா?"

"இல்ல. உங்கட காசுதான். பாத்திட்டு முடிஞ்சனான்."

அவன் தலையாட்டினான். பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். அவள் காசைப் பார்க்கும் விதம் அவனுக்குத் தெரியும். கண்ணாடியை இடுக்கிக்கொண்டு யன்னலில் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ தரம் பார்த்து, சோறு எங்கே என்று கேட்டிருக்கிறான்.

"நல்லாக் கீறிப் போச்சோ?"

"ஓம்."

"பொக்கட்ல சாவி இருந்துச்சு."

"சாவி தெரியும்," என்றாள் மாக்ரெட். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோயிலில், ஆட்களுக்கு முன்னால், அவள் அப்படிச் செய்ததில்லை. "ஏழு தரம் கையால விழுத்தியிருக்கிறீங்க."

தங்கையா கையை இழுக்கவில்லை. மழை தகரக் கூரையில் அடித்தது. ஐயர் உள்ளே மணியை ஆட்டத் தொடங்கினார். மணி நின்றது.

"எட்டு," என்றான். "ஒண்ணு செருப்பு மேல விழுந்துச்சு."